குதிகால் ஊன்றாதவள்

சங்குமேட்டில் இசக்கியம்மாளின் காலடித்தடம் அவளை விட்டுவிட்டுத் தனியாக நடந்து போனது ஒரு செவ்வாய்க்கிழமை, குடிதண்ணீர் லாரி வருகிற நாள், அதனால் யாருக்கும் அதை நின்று பார்க்க நேரமில்லை. குடத்தோடு ஓடினவர்கள் தடத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி ஓடினார்கள். உப்பளத்திலிருந்து ஈரமாக ஏறி வந்த தடம், வலது, இடது, வலது, இடது என்று வரப்பின் மேல் நடந்து, கடற்கரைச் சாலையின் ஓரத்தில் இரண்டு பாதமும் சேர்ந்தாற்போல் நின்று ஒரு கண்டெய்னர் லாரி போகும்வரை பொறுத்து, பிறகு சாலையைத் தாண்டி, மேலத் தெருவில் இசக்கியின் கொழுந்தன் வீட்டுப் படி மூன்றையும் ஏறி, விரல்கள் உள்பக்கம் பார்க்க வாசலில் நின்றுகொண்டது. புருஷன் செத்த பதினேழாம் நாள் அவளைப் பாயோடும் பாத்திரத்தோடும் தெருவில் இறக்கிவிட்ட கொழுந்தன் அவன். வெயில் ஏற ஏற ஈரம் காய்ந்து தடம் வெள்ளையாக உப்புப் பூத்தது. கொழுந்தன் கழுவினான். காய்ந்ததும் மறுபடி பூத்தது. அவன் மறுபடி கழுவினான். அது மறுபடி பூத்தது.

காரணம் என்ன என்று கேட்டு யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மிதிப்பைப் பற்றித் தெரிந்தவர்களுக்குக் காரணம் தேவைப்படவில்லை. தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: மழை முடிந்து தை பிறந்ததும் உப்புப் பாத்தியெல்லாம் சேறாகக் கிடக்கும், அந்தச் சேற்றைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினால்தான் உப்புத்தண்ணீர் கசியாமல் நிற்கும், நின்றால்தான் உப்பு. பதினோரு பெண்கள் வரிசையாக நின்று, ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்து, குதிகாலை ஊன்றி, எடுத்து, ஊன்றி, எடுத்து, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து ஒரு பாத்தியை ஒன்பது தடவை கடக்க வேண்டும். பதினோரு பேர் இருந்தால்தான் வரிசை. பத்துப் பேர் வந்தால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார், பாத்தி வேறு ஊர் வரிசைக்குப் போய்விடும்.

வரிசையைக் கூப்பிட்டு நடத்துகிறவள் முத்துப்பேச்சி. காலையில் சேற்றில் இறங்கியதும் அவள் கேட்பாள், "யாருக்குளா இன்னைக்குக் கனம்?" கனம் உள்ளவள் "எனக்கு" என்பாள். என்ன கனம், யார் வைத்த கனம் என்று ஒருத்தியும் கேட்கக் கூடாது, அவளும் சொல்ல வேண்டியதில்லை. அவளை நடுவில் விட்டு, இடது இடுப்பை முத்துப்பேச்சி பிடித்துக்கொள்ள, மொத்த வரிசையும் அவளுக்காக மிதிக்கும். "ஊனு, எடு, ஊனு, எடு" என்று முத்துப்பேச்சி கூப்பிடக் கூப்பிட, முதல் தடவையில் நடுவில் நிற்பவளுக்கு மூச்சு முட்டும், மூன்றாவதில் அழுகை வரும், ஐந்தாவதில் வாயில் கெட்ட வார்த்தை வரும், ஒன்பதாவதில் ஒன்றும் வராது, எல்லாம் குதிகால் வழியாக இறங்கிச் சேற்றுக்குள் போயிருக்கும், கரையேறியதும் அவள் தூக்குவாளியைத் திறந்து மற்றவர்களைவிட இரண்டு வாய் கூடவே சாப்பிடுவாள். பல வருஷமாக இப்படித்தான் நடந்தது. இறங்கினது எல்லாம் சேற்றிலேயே கிடந்தது. இந்தத் தையில் அது எழுந்து நடக்க ஆரம்பித்தது, அவ்வளவுதான் விஷயம்.

ஊர் இதை மழையை எடுத்துக்கொள்வது போல எடுத்துக்கொண்டது. ஆண்கள் காலையில் எழுந்ததும் முதலில் வாசலைப் பார்த்தார்கள். பினாயில் ஊற்றினார்கள், ஆசிட் ஊற்றினார்கள், ஒருவர் தடம் இருந்த சிமெண்டையே கொத்தி எடுத்துவிட்டு டைல்ஸ் ஒட்டினார், மறுநாள் டைல்ஸ் மேல் அதே தடம், அதே வெடித்த குதிகால், அதே வளைந்த சுண்டுவிரல். கோயில் பூசாரியும் சர்ச் உபதேசியாரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் தண்ணீர் தெளித்தார்கள், தெளித்த தண்ணீரும் சேர்ந்து உப்பானதுதான் மிச்சம். திருநெல்வேலிக்கு வீடு மாறிப்போன ஓர் அண்ணனைத் தேடி, தங்கச்சியின் தடம் பஸ் ஏறாமல் நடந்தே போய் மூன்றாம் நாள் சேர்ந்தது. கல்யாணத் தரகர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு வாசலைப் போய்ப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பூந்தொட்டி வைத்து மறைத்தார்கள். தரகர்கள் தொட்டியை நகர்த்திவிட்டுப் பார்த்தார்கள்.

தடத்தை எப்படிப் போக்குவது என்பதைக் கண்டுபிடித்தது டீக்கடைச் செல்லத்துரை. அவன் பெண்டாட்டி ரெஜினாவின் தடம் அவள் சொந்த வீட்டுக்கே வந்து நின்றது. ரெஜினா படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, செல்லத்துரை நாலு பேர் பார்க்கக் கையைக் கட்டிக்கொண்டு, "குடிச்சது தப்புதான்" என்றான். தடம் அசையவில்லை. "கை நீட்டுனது தப்பு" என்றான். அசையவில்லை. "ஒன் தம்பிய வீட்டுக்கு வராதன்னு சொன்னேன்." அதுவும் இல்லை. "இன்னும் கெடக்கு, யோசிங்க" என்றாள் ரெஜினா, வெங்காயத்தைப் பார்த்தபடி. மத்தியானம் அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்: "ஒங்கம்மா செத்த அன்னைக்கு, கடைசி பஸ்ஸு போயிருச்சுன்னு சொன்னேன்லா. போகல. எனக்கு வாறதுக்கு மடியா இருந்துச்சு." ரெஜினா கத்தியைக் கீழே வைத்தாள். படியில் இருந்த உப்பு, எறும்பு தூக்கிக்கொண்டு போவது போல் பொடிந்து பொடிந்து காணாமல் போனது. பொதுவாக மன்னிப்புக் கேட்டால் ஆகாது, சரியான குற்றத்தைச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு ஊருக்குத் தெரிந்தது. ரெஜினாவுக்கே தன் கனம் அதுதான் என்று அதுவரை தெரியாது.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்கச் சந்தனமாரிக்குச் சோறு இறங்கவில்லை.

சந்தனமாரி முத்துப்பேச்சியின் மகள், பதினேழு வயது, வரிசையின் கிழக்கு ஓரத்தில் பதினோராவது ஆள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தில் நின்ற மேரிக்கா திருப்பூருக்குப் போய்விட்டாள், வரிசை பத்தாகிவிட்டது, கங்காணி ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதே வாரத்தில்தான் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. டவுன் ஹாஸ்டலில் தங்கிப் படித்த சந்தனமாரி நானூற்று அறுபத்தேழு வாங்கியிருந்தாள். சங்குமேட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள் ஒருத்திதான், அதனால் மார்க்கு அவளுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். முத்துப்பேச்சி ஹாஸ்டலுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், மார்க் ஷீட்டை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள், தெருவில் கேட்டவர்களிடம் எல்லாம், "கணக்குல பெயிலாயிட்டா, அவளுக்குப் படிப்பு ஏறல" என்றாள். பாஸானவளை நிறுத்தினால் ஊர் கேட்கும். பெயிலானவளை நிறுத்தினால் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். இவ்வளவுதான் அதில் இருந்த கணக்கு. சந்தனமாரி அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை, வாயை மூடிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். அன்றிலிருந்து ரெஜினா அவளைக் கூப்பிடுவதே "ஏளா கணக்கு" என்றுதான். உப்புக் கூடையை எண்ணும்போது, "கணக்குகிட்ட எண்ணச் சொல்லாதீகளா, அது பாஸாகாம நம்மளையும் பெயிலாக்கிரும்" என்பாள், ஒன்பது பேரும் சிரிப்பார்கள், முத்துப்பேச்சி மட்டும் சிரிக்கவும் மாட்டாள், தடுக்கவும் மாட்டாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆகவே தன் தடம் எழுந்தால் எந்த வீட்டுக்குப் போகும் என்று சந்தனமாரிக்குச் சந்தேகமே இல்லை. சங்குமேட்டுப் பெண்கள் எல்லாருடைய கனத்தையும் இடுப்பைப் பிடித்து இறக்கிவிடுகிறவளின் வாசலில் போய், சொந்த மகளின் தடம் நிற்கும். பிறகு அம்மா கூப்பிட்டு எவள் மிதிப்பாள்? பயத்தில் அவள் ஒரு வேலை செய்தாள். மற்றவர்கள் குதிகாலை ஊன்றும்போது இவள் நுனிக்காலில் நின்றாள். பார்த்தால் தெரியாது. இடுப்பு ஏறும், இறங்கும், முழங்கால் மடங்கும், குதிகால் மட்டும் சேற்றைத் தொடாது. கனமும் இறங்காது.

அவள் நுனிக்காலில் மிதித்த இடமெல்லாம் கசிந்தது.

இதற்கு நடுவில் நாலு ஜோடித் தடம் டவுன் வரைக்கும் நடந்து, உப்பள முதலாளியின் பங்களா கேட்டைத் தாண்டி, போர்ட்டிகோவில் கார் நிற்கிற இடத்தில் வரிசையாக நின்றது. பத்து வருஷமாகக் காலில் உள்ள புண்ணைக் காட்டிக் காட்டிப் பெண்கள் ரப்பர் பூட்ஸ் கேட்டார்கள், பத்து வருஷமாக வரும் வரும் என்றார்கள். இப்போது இரண்டே நாளில் வந்தது. பதினோரு ஜோடி, கறுப்பு நிறம், புது வாசனை. கங்காணி சொரிமுத்து கரையில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, "இனிமே இதப் போட்டுக்கிட்டுதான் மிதிக்கணும், முதலாளி உத்தரவு" என்றார்.

ரெஜினா உடனே ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு வரப்பில் போலீஸ்காரி மாதிரி நடந்து காட்டினாள். "நல்லாத்தாம்ளா இருக்கு, அடுத்தவன் கால் மாதிரி சொகமா இருக்கு."

முத்துப்பேச்சி தன் காலைப் பார்த்தாள். உப்புத்தண்ணீர் தின்ற பழைய புண்கள் கணுக்கால் வரை இருந்தன. "பூட்ஸ் வேணும் அண்ணாச்சி" என்றாள். "உப்பு வாரும்போது போட்டுக்கிடுதோம். மிதிக்கது வெறுங்காலுதான்."

"வெறுங்கால் மிதி கசியுது" என்றார் சொரிமுத்து. அவர் ஏழாம் பாத்தியில் அளவுக்குச்சியை விட்டு எடுத்துக் காட்டினார். முதல் நாள் வைத்த கோட்டுக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர் இருந்தது. "ஒங்க மிதி சுத்தமா இருந்தா ஏன் கசியுது? நாளைக்கு இன்னொருக்க மிதிங்க. மறுநா காலையிலயும் எறங்கியிருந்தா, பூட்ஸப் போடுங்க, இல்ல வேற வரிசை வரட்டும்."

பெண்கள் முத்துப்பேச்சியைப் பார்த்தார்கள். முத்துப்பேச்சி வரிசையைப் பார்த்து, "எவளோ ஒருத்தி குதிகாலை ஊனல" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை வரிசையைக் கெடுத்துவிட்டது. இத்தனை வருஷமாக என்ன கனம் என்று கேட்காதவர்கள், தண்ணீர் குடிக்கக் குனியும்போது பக்கத்தில் இருப்பவளின் பாதத்தைப் பார்த்தார்கள், குதிகாலில் சேறு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்தார்கள், வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து மெதுவாகப் பேசினார்கள். சாயங்காலத்துக்குள் பழி இசக்கியம்மாள் மேல் வந்து விழுந்தது, ஏனென்றால் அவளுக்குத்தான் முட்டி வலி. "நான் ஊனுதேன், சத்தியமா ஊனுதேன்" என்று இசக்கி தெருக் குழாயடியில் சேலையை முழங்கால் வரை தூக்கிக் குதிகாலைக் காட்டினாள், ஒவ்வொருத்தியிடமும் போய்க் காட்டினாள். யாரும் பார்க்காத மாதிரி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்தனமாரியும் போனாள். குடம் இடுப்பில் இடித்து இடித்துத் தண்ணீர் பாதி கொட்டிப்போனது.

வரப்பு முனையில் சொரிமுத்து சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்.

"ஏளா, நில்லு. நீதான நுனிக்கால்ல மிதிக்கது?"

அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"நான் முப்பது வருஷமா குதிகாலத்தாம் பாத்துக்கிட்டு இருக்கேன். எவன் வீட்டுக்குப் போவும் ஒன் காலு? மோட்டார் ரூம் பய ஆரோக்கியமா?"

"ஒங்க வீட்டுக்குத்தான் அண்ணாச்சி. வாசலத் தூத்து வைங்க."

சொரிமுத்து சிரித்தார். அவர் வாசலில் ஏற்கெனவே மூன்று ஜோடி இருந்தது. "வாய் இருக்கு. சரி கேளு. நாளைக்கு நீ மொதல்ல பூட்ஸ மாட்டு. சின்னப் பிள்ளையே போட்டுட்டான்னு மத்தவளுகளும் போட்டுக்கிடுவாளுக. ஒன் கனம் ஒங்கிட்டயே இருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. நீ யாரக் காப்பாத்துதியோ அவுக நல்லா இருப்பாக. நான் சொல்லுதது புரியுதா? கணக்குதான் வராது, இதாவது வருதா?"

புரிந்தது. அதுதான் கொடுமை. பூட்ஸை மாட்டினால் அம்மா தப்பிப்பாள், இசக்கி மேல் விழுந்த பழியும் மறந்துபோகும், புண்ணும் ஆறும். ஆனால் அதற்குப் பிறகு ஒருத்திக்கும் ஒன்றும் இறங்காது. ரப்பர் விடாது. சேறும் வாங்காது. பதினோரு பேரும் தங்கள் தங்கள் கனத்தைத் தங்கள் தங்கள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய், தங்கள் தங்கள் பிள்ளைகளின் முதுகில் இறக்குவார்கள். சந்தனமாரி வீட்டுக்குப் போனாள். அம்மா காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சந்தனமாரி பாயை உதறி விரித்தாள். பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் பிப்ரவரி ஒன்று. விடிந்ததும் ஏழாம் பாத்தியில் பதினோரு பேரும் இறங்கினார்கள். கரையில் பூட்ஸ் அடுக்கியிருந்தது, அதற்குப் பக்கத்தில் சொரிமுத்து குடையோடு நின்றார். செய்தி பரவி டீக்கடையிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்கள் வேறு வந்து நின்றார்கள். சந்தனமாரியின் கண் பூட்ஸ் மேலேயே இருந்தது.

"யாருக்குளா இன்னைக்குக் கனம்?" என்றாள் முத்துப்பேச்சி.

பெண்கள் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்தார்கள். பிறகு இசக்கியம்மாள், தன் மேல் விழுந்த பழியைத் தானே கழுவுவதற்காக, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தாள். அவள் உதடு "எனக்கு" என்று சொல்லக் குவிந்தது.

"எனக்கு" என்றாள் சந்தனமாரி.

முத்துப்பேச்சியின் முகம் என்ன ஆனது என்று யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் மகளைப் பார்த்தார்கள். நீ சின்னப் பிள்ளை, அடுத்த பாத்திக்குப் பார்க்கலாம் என்று முத்துப்பேச்சி சொல்லியிருக்கலாம். கூப்பிடுகிறவளுக்கு அந்த உரிமை உண்டு. ஒரு நண்டு வளையிலிருந்து வெளியே வந்து திரும்ப உள்ளே போகிற நேரம் அவள் மகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல வா" என்றாள்.

கிழக்கு ஓரத்திலிருந்து சந்தனமாரி நடுவுக்கு வந்தாள். இடது இடுப்பில் அம்மாவின் கை வந்து பிடித்தது. வலது பக்கம் ரெஜினா. ஊனு, எடு, ஊனு, எடு. முதல் தடவை கடந்தார்கள், இரண்டாவது கடந்தார்கள், சேறு சப் சப் என்றது, சந்தனமாரி அப்போதும் நுனிக்காலில்தான் நின்றாள், உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. நான்காவது தடவையில் கால் நடுங்க ஆரம்பித்தது. அம்மா கூப்பிடுவதை நிறுத்தாமல், வாயை மகளின் காதுக்குக் கொண்டுவந்தாள்.

"குதிகால், மக்கா."

"எங்க போவும்னு தெரியுமாம்மா?"

"தெரியும். ஊனு. நான் பிடிச்சிருக்கேன்."

சந்தனமாரி குதிகாலை ஊன்றினாள்.

சேறு அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டது. இரண்டு வருஷம் ஒரேயடியாக இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, முதுகெலும்பு வழியாக, இடுப்பு வழியாக, தொடை வழியாகக் கொதித்துக்கொண்டு இறங்கியது, அவள் அழுதாள், ஆண்கள் நிற்கிற கரையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசினாள், தன் ஹாஸ்டல் பெட்டியைத் திட்டினாள், ரெஜினாவைத் திட்டினாள், ரெஜினா இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிதித்தாள், முத்துப்பேச்சி குரல் உடைந்தபோதும் நிறுத்தாமல் கூப்பிட்டாள், ஊனு, எடு, ஊனு, எடு, பத்துப் பேரும் அவளுக்காக மிதித்தார்கள், ஒன்பதாவது தடவை முடிந்தபோது அவளுக்குள் ஒன்றுமே இல்லை, ஊதி வைத்த பை மாதிரி நின்றாள்.

தடம் எழுந்தது. கரையேறி நடந்தது.

எல்லாரும் பின்னாலேயே போனார்கள். தடம் மோட்டார் ரூமுக்கு முன்னால் ஒரு குட்டையைச் சுற்றிப்போகக் கொஞ்சம் தயங்கியது. ஆரோக்கியம் வெளியே வந்து, யாரும் கேட்காமலே, "நான் அந்தப் பிள்ளகிட்ட பேசுனதுகூட இல்லயே" என்றான், வேர்த்துவிட்டது அவனுக்கு. தடம் அவனைத் தாண்டியது. சாலையில் ஒரு மினி பஸ்ஸுக்காக நின்றது. டீக்கடையைத் தாண்டியது. கீழத் தெருவில் திரும்பியது. கூட்டத்தின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நீலக் கதவு போட்ட வீட்டின் வாசலில், விரல்கள் உள்பக்கம் பார்க்க, தடம் நின்றது.

அது முத்துப்பேச்சியின் வீடு. அவள் புண்ணுக் காலோடு எல்லாருக்கும் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தாள். கூட்டம் பிரிந்து வழிவிட்டது.

"பாத்துக்கிடுங்க" என்றார் சொரிமுத்து. "ஊர்ல உள்ளவ கனத்தையெல்லாம் எறக்குதவ, சொந்தப் பிள்ள மேல எவ்வளவு ஏத்தி வச்சிருக்கான்னு. இவ கூப்பிட்டு நீங்க மிதிக்கிய. போங்க, போயி பூட்ஸ மாட்டுங்க."

ஒருத்தி சேலையைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். இன்னொருத்தி அவள் பின்னால் நகர்ந்தாள். ஒன்பது பேரும் போய்விட்டால் அதோடு முடிந்தது.

முத்துப்பேச்சி தடத்துக்கு முன்னால் நின்றாள். "இவ படிப்ப நிறுத்துனது நாந்தான்" என்றாள். திரும்பினவர்கள் நின்றார்கள். தடம் அசையவில்லை.

"மேரி போனதும் வரிசைக்கு ஆள் இல்ல. நம்ம வரிசை ஒடைஞ்சிரக் கூடாதுன்னு இவளக் கொண்டாந்து நிறுத்துனேன்." பெண்கள் தலை குனிந்தார்கள், தாங்கள் இரண்டு வருஷமாக யார் தோள் மேல் நின்றோம் என்று அப்போதுதான் தெரிந்தது. தடம் அசையவில்லை.

"ஹாஸ்டல் வாசல்ல வச்சு இவள அடிச்சேன்." அசையவில்லை. "பெட்டிய இவகிட்ட கேக்காம வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்." அசையவில்லை.

சந்தனமாரிக்கே திகைப்பாக இருந்தது. படிப்பை நிறுத்தியதுதான் தன் கனம் என்று அவள் சத்தியமாக நினைத்திருந்தாள். வெயில் ஏறியது, தடம் வெள்ளையாகிக்கொண்டே வந்தது. காய்ந்து இறுகிவிட்டால் பிறகு என்ன சொன்னாலும் கஷ்டம்.

சொரிமுத்து குடையை மடக்கினார். "கணக்குல பெயிலான பிள்ளைக்கு இவ்வளவு வீம்பா?"

ஆண்கள் சிலர் சிரித்தார்கள். பழக்க தோஷத்தில் ரெஜினாவின் உதடும் கொஞ்சம் விரிந்தது. சந்தனமாரியின் முகத்தில் எதுவோ சுருங்கியது, நுனிவிரல் பட்ட நத்தை மாதிரி. இரண்டு வருஷமாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி, அன்றைக்கு முதல் தடவையாக அந்த நேரத்தில் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

அவள் தடத்தை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனாள். அரிசிப் பானையை நகர்த்துகிற சத்தம் கேட்டது. மார்க் ஷீட்டோடு வெளியே வந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, காகிதத்தைப் பார்க்கவும் இல்லை, கூட்டத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொன்னாள்.

"தமிழ்ல தொண்ணூத்தொண்ணு. இங்கிலீசுல எம்பத்தெட்டு. அறிவியல் தொண்ணூத்தஞ்சு. சமூகம் தொண்ணூத்தஞ்சு. கணக்குல தொண்ணூத்தெட்டு." அவள் மூச்சு வாங்கினாள். "பெயிலுன்னு நான் சொன்னது பொய். எம் பிள்ளைய மக்குன்னு ஊரு முழுக்கச் சொன்னேன். நீங்க சிரிக்கும்போது பக்கத்துலயே நின்னேன். எம் பிள்ள மக்கு இல்ல. அவ நல்லாப் படிச்சா."

முதலில் சுண்டுவிரல் உதிர்ந்தது. பிறகு குதிகால். எறும்பு தூக்கிக்கொண்டு போவது போல் உப்பு பொடிந்து பொடிந்து போய், வாசல் வெறும் வாசலாக இருந்தது. ரெஜினா அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். "தொண்ணூத்தெட்டா" என்றாள்.

அடுத்த நாள் ஏழாம் பாத்தியில் சொரிமுத்து அளவுக்குச்சியை விட்டார். எடுத்துப் பார்த்தார், வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி விட்டார். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார், பூட்ஸை விட்டுவிட்டுப் போனார், பெண்கள் அதை உப்பு வாரும் காலத்துக்கு என்று மோட்டார் ரூமில் எடுத்து வைத்தார்கள்.

அதற்கும் அடுத்த நாள், பிப்ரவரி மூன்று, எட்டாம் பாத்தியில் இறங்குவதற்கு முன்னால் சந்தனமாரி சொன்னாள்: "ஜூன் ஒண்ணு நான் பள்ளிக்கூடம் போறேன். அதுக்குள்ள வேற ஆள் பாருங்க."

"ஆள் கெடைக்கலைன்னா வரிசை ஒடையுமேளா" என்றாள் ஒருத்தி.

"ஒடைஞ்சா ஒட்டிக்கிடுங்க. நான் பசை இல்ல."

இசக்கியம்மாள்தான் முதலில் பேசினாள். "எங்க அக்கா மக ஒருத்தி இருக்கா. கேட்டுப் பாக்குதேன்."

முத்துப்பேச்சி சேற்றில் இறங்கினாள். "யாருக்குளா இன்னைக்குக் கனம்?" என்றாள். எல்லாரும் காத்திருந்தார்கள். முத்துப்பேச்சியே மெதுவாக, "எனக்கு" என்றாள்.

கூப்பிடுகிறவள் நடுவில் நின்றால் யார் கூப்பிடுவது என்று அந்த வரிசைக்குத் தெரியாது, இதுவரை அப்படி ஒன்று நடந்ததில்லை. சந்தனமாரி கிழக்கு ஓரத்திலிருந்து நடந்து வந்து அம்மாவின் இடது இடுப்பைப் பிடித்தாள். "ஊனு" என்றாள். "எடு."

ஒன்பது தடவை கடந்ததும் முத்துப்பேச்சியின் தடம் எழுந்து கரையேறியது. அது எந்தப் பக்கம் திரும்பியது, யார் வீட்டுக்குப் போனது என்று ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் தூக்குவாளியைத் திறந்தார்கள். முத்துப்பேச்சி இரண்டு வாய் கூடவே சாப்பிட்டாள்.

ரெஜினா தன் வாளியிலிருந்த பொரித்த மீன் துண்டைச் சந்தனமாரியின் சோற்றில் வைத்தாள். மூன்று நாளாக அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிட்டாள், கொஞ்சம் பயந்துகொண்டு.

"ஏளா கணக்கு. ஜூன் ஒண்ணுக்கு இன்னும் எத்தன நாளு..."

"நூத்திப் பதினெட்டு" என்றாள் சந்தனமாரி, முள்ளைத் துப்பிவிட்டு.